பதம்

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை
குடியிருப்புக் கார்கள் எல்லாவற்றையும்
பள்ளிக்கூடத்துப் பக்கம் விரட்டிவிட்டோம்.
அவை நின்ற இடத்தில்
எண்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய்,
மாட்டுக்கொம்பு போல் நீண்ட வகை.
ஸ்த்ருமிட்சாவிலிருந்து வந்த லாரி
விடியுமுன்னே கொட்டிவிட்டுப் போயிருந்தது.

குமானோவோவில் இந்த மாதம்
எந்தச் சன்னலைத் திறந்தாலும் சுட்ட தோல் வாசம்.
கொடியில் சட்டை காயப்போட்டவர்
திங்கட்கிழமை அலுவலகத்துக்கு
அய்வாரை உடுத்திக்கொண்டுதான் போகவேண்டும்.

எல்லாம் இருந்தது.
அடுப்பும் அண்டாவும்தான் இல்லை.

தகர அடுப்பு ட்ராய்ச்சேவிடம்.
அண்டா வெசெலாவிடம்.
மார்ச்சில் நீதிமன்றம் அவர்களுக்கு
சகலத்தையும் பிரித்துக் கொடுத்தது:
சோபா, ஸ்கோடா,
பையனின் ஞாயிற்றுக்கிழமைகள்.
பட்டியலில் விட்டுப்போன இரண்டையும்
ஆளுக்கொன்றாய்க் கோபத்தில் தூக்கிக்கொண்டார்கள்,
அவன் இடது வாசலுக்கு, அவள் வலது வாசலுக்கு.

யார் போய்க் கேட்பது?
"நீதான் பல்செட் செய்கிறவள்,
வாயைத் திறக்கவைப்பது உன் தொழில்" என்று
என்னை அனுப்பினார்கள்.
இரண்டு கதவிலும் ஒரே பதில்:
"பொருளைத் தருகிறேன். நான் வரமாட்டேன்."

வந்தார்கள்.
அவன் தோளில் அடுப்பு.
அவள் பையனின் பழைய பனிச்சறுக்கு வண்டியில்
அண்டாவை வைத்துச் சிமெண்டுத் தரையில்
கரகரவென்று இழுத்து வந்தாள்.
தூக்கி வைத்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது.
பாத்திரங்களுக்கு வெட்கம் கிடையாது.

பிறகு வழக்கமான சண்டை.
கத்தரிக்காய் சேர்த்தால் அது அய்வாரே அல்ல என்றார்
லெஸ்கொவட்ஸில் பிறந்த ஸ்லாத்தே.
சேர்க்காவிட்டால் அது வெறும் சிவப்புக் கூழ் என்றாள்
மூன்றாம் மாடி ஸ்வெட்டான்கா.
மூன்றே மூன்று கத்தரிக்காய் போட்டோம்.
யாருக்கும் திருப்தியில்லை.
ஆகவே ஒருமனதாக நிறைவேறியது.

சுட்டதை பிளாஸ்டிக் பையில் கட்டி வியர்க்கவிட்டு
தோல் உரித்தோம்.
தண்ணீர்க் குழாய் பக்கம் போனவரை
பதினோரு வீடும் சேர்ந்து திட்டியது.
கழுவினால் ருசி சாக்கடைக்குப் போய்விடும்.
கைச்சக்கரம் சுற்றி அரைக்கிற இயந்திரத்தின் அடியில்
அதைச் செய்த நாட்டின் பெயர் பொறித்திருக்கிறது.
எந்த விமானமும் இப்போது அங்கே போவதில்லை.
கத்தி மட்டும் இன்னும் கூர்.

கிண்டும் முறையைச் சுவரில் சாக்பீஸால் எழுதினோம்.
எட்டிலிருந்து ஒன்பது மணிவரை
ட்ராய்ச்சே, வெசெலா.
எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது.
(கையெழுத்து என்னுடையது என்கிறார்கள்.)
அழித்திருக்கலாம் அவள்.
சாக்பீஸ் துண்டு காலடியிலேயே கிடந்தது.

இறுகிவிட்டால் துடுப்புக்கு நான்கு கைகள் வேண்டும்.
நாங்கள் மூடிகளைத் துடைத்தோம்,
துடைத்த மூடிகளையே மறுபடி துடைத்தோம்.
காதில் விழுந்தது இவ்வளவுதான்:
"அடிப்பிடிக்குது."
"இல்லை."
"உப்பு?"
"போட்டாச்சு."
ஒருமுறை கொதி தெறித்து
அவன் மணிக்கட்டில் விழுந்தது.
அவள் பார்த்தாள். துடுப்பை விடவில்லை.

பதம் பார்ப்பது சுலபம்.
துடுப்பை அடிவரை அழுத்தி இழுக்கவேண்டும்.
பின்னால் விழும் பாதை மூடிக்கொண்டால்
இன்னும் வேகவில்லை.
பிளந்தது பிளந்தபடி நின்றால்
இறக்கிவிடலாம்.

அவன் இழுத்தான்.
அவள் கைபேசி விளக்கைப் பிடித்தாள்.
அண்டாவின் கறுத்த அடி
ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்தது.
மூடவில்லை.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
இரண்டுபேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"ஆச்சு" என்றாள்.
"ஆச்சு" என்றான்.

ஐம்பத்தாறு பாட்டில்கள். வீட்டுக்கு ஐந்து.
மிஞ்சிய ஒன்றைப் பையன் தம்யான்
அங்கேயே திறந்து ரொட்டியில் தடவி
நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

அண்டா ஆறவில்லை,
காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.
அப்படியென்றால் அடுப்பும் இருக்கட்டும் என்றான்.

இன்று வியாழன்.
கார்கள் சுற்றி நிறுத்தப்படுகின்றன.
நேற்றிரவு மழைக்கு
யாரோ இரண்டையும் சேர்த்துத்
தார்ப்பாய் போர்த்தியிருக்கிறார்கள்.
இந்தமுறை நானில்லை.