தூய்மைக்கு ஐந்து

அறுபத்திரண்டு ரெக்கார்டு நோட்டு.
பிரவுன் அட்டை, பூப்போட்ட லேபிள்.
திங்கட்கிழமை வெளித்தேர்வர் வருகிறார்.
இன்று சனி. அதுவும்
திருத்துறைப்பூண்டியில் மாதாந்திர மின்தடை நாள்.
ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
மூன்று வயதைத் திருத்துகிறேன்.

இதுவரை பதினோரு நோட்டில் ஒரே குழந்தை.
ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே பத்தே கால் மணிக்குச்
சிவப்புப் பந்தைச் "சரியாக இனங்கண்டு"
பதினோரு முறை சிரிக்கிறது.
பாவம், களைத்திருக்கும்.
எட்டாவது முறை ஆண் பெண்ணாகிவிட்டது.
"சமூக வளர்ச்சியில் சிறந்து விளங்குகிறது."
இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும்.
போன வருடம் நான் கொடுத்த நோட்ஸ்,
அதற்கு முன் எனக்கு யாரோ கொடுத்தது.

ஜூன் மாதமே சொல்லியிருந்தேன்:
கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள்.
அழுதான் என்று எழுதலாம்,
எத்தனை நிமிடம் என்று எழுதலாம்,
அடங்காதவன் என்று எழுதக் கூடாது.
பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும்.
தலையாட்டினார்கள்.
தலையாட்டலுக்கு மதிப்பெண் இருந்தால்
என் வகுப்பு முழுக்க யூனிவர்சிட்டி ரேங்க்.

நாற்பத்து மூன்றாவது, செங்கொடி.
கையெழுத்து கோழி கிளறியது.
இடம்: முள்ளியாற்றுப் பாலத்துக்குத் தெற்கே, அங்கன்வாடி.
நேரம்: ஏழு ஐம்பது. நடவு நாள் என்பதால்
பிள்ளைகளைச் சீக்கிரமே விட்டுப் போய்விட்டார்கள்.
குழந்தை: ம. மூன்று வயது நான்கு மாதம்.

ஆறாம் கேள்வி:
எட்டுக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்குகிறதா?
இல்லை.
அவ்வளவுதான். கூச்சமே இல்லாத ஓர் இல்லை.
முந்தைய நாற்பத்திரண்டிலும் கோபுரம் எழும்பியிருந்தது,
மன்னார்குடி ராஜகோபுரத்தைவிட நேராக.

முதல் பார்வைக்கு வந்தபோது
பென்சிலால் ஓரத்தில் கேட்டிருந்தேன்:
பிறகு என்ன செய்தான்?
இப்போது அதன் கீழே,

"படுக்க வைத்தான் மேடம். ரெண்டு வரிசை.
நடுவுல ஒரு கை அகலம் விட்டான்.
எட்டாவதைக் குறுக்கே வைத்து எடுத்தான்,
வைத்து எடுத்தான். பதினேழு தடவை.
ஏன்னு கேட்டேன்.
தண்ணி போவணும்ல, என்றான்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை."

எனக்கும் தெரியவில்லை.
அச்சடித்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மதகுக்கு அதில் கட்டமில்லை.

அடுத்த பக்கம் முழுக்க நீலக் கிறுக்கல்.
அழுத்திய அழுத்தில்
தாள் ஓரிடத்தில் கிழிந்தே இருக்கிறது.
அடியில் நேரம்: எட்டு முப்பத்தொன்று.
"என்ன எழுதுற என்றான். உன்னைத்தான் என்றேன்.
எட்டிப் பார்த்தான்.
நான் இப்படி இல்ல என்று
பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்."

தூய்மைக்கு ஐந்து மதிப்பெண்.
அடித்தல் திருத்தல் கூடாது, கிழிசல் கூடவே கூடாது.
போன வாரம் மை சிந்திய ஒருத்தியைப்
புது நோட்டு வாங்க வைத்தவள் நான்.
அவள் அப்பா சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்.

தூய்மை: ஒன்று.
கோழிக் கிளறலுக்கு அதுவே அதிகம்.
உற்றுநோக்கல்: பத்துக்குப் பத்து.
வெளித்தேர்வர் கேட்பாரே என்று ஒன்பதாக்கினேன்.
மறுபடி பத்து.
என் மதிப்பெண் பட்டியலில் இப்போது
அடித்தல், திருத்தல்.

பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கையொப்பம் வேண்டும்.
கிறுக்கல் பக்கத்தில் இடமே இல்லை.
ஓரமாக, கிழிசலுக்குக் கீழே,
அவன் கோட்டில் படாமல்
சின்னதாகப் போட்டேன்.

இன்னும் பத்தொன்பது.
நாற்பத்து நாலாவதைத் திறக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை, பத்தே கால்.
பந்தோடு நிற்கிறது அந்தக் குழந்தை,
பன்னிரண்டாவது முறை
சிரிக்கத் தயாராக.