புறம்போக்கு வானம்

சாட்ஸ்வர்த்தில், படையாச்சி வீட்டுக்குப் பின்புறம்
கராஜை ஒட்டி எழுப்பிய ஒற்றை அறை எனக்கு.
மூவாயிரத்து இருநூறு ராண்ட். தண்ணீர் சேர்த்தி.
மின்சாரம் தனி, இருக்கிற நேரத்தில்.

இது தவிர
ஒரு சூரியனும் ஆறு கோள்களும் பதினான்கு நிலாக்களும்
என் பொறுப்பில் உண்டு.
அவையும் வாடகைதான்.

விளையாட்டின் வரைபடத்தில்
போலீஸ் எல்லை முடிந்து
பெயர்கள் போய் எண்கள் தொடங்கும் இடம்.
சுட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.
தாசில்தார் இல்லாத புறம்போக்கு; ஆனாலும்
அடிக்கொரு கொடி.
எனக்குப் பட்டா தந்தவன் போலந்துக்காரன்,
சாம்பல் மகுடம் என்ற கூட்டணியின் கணக்கப்பிள்ளை.
ஒப்பந்தம் பதினொரு வரி:
ஒன்றாம் தேதி நானூறு கோடி,
இரண்டு நாள் தவணை,
எங்கள் கப்பலைக் கண்டால் ஒதுங்கு.
காப்போம் என்று எங்கும் இல்லை.
சுடமாட்டோம் என்று மட்டும் இருந்தது.
அதற்குத்தான் வாடகை என்பது
மூன்றாம் முறை படித்தபோது விளங்கியது.

பகலெல்லாம் துறைமுக வாசலில்
அடுத்தவர் சரக்குக்கு முத்திரை எண் குறிக்கிறேன்.
வந்து, குளித்து,
குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஊற்றித் தின்று
கல் உடைக்கப் போவேன். விண்கல்.
லேசர் பாட்டுக்கு ஓடும்,
நான் துணி மடிப்பேன்.
உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது என்பார்கள்.
பார்த்தேன், மிஞ்சவில்லை.
ஆகவே ஒன்பதாம் நிலாவை
உள்வாடகைக்கு விட்டேன்.

எடுத்தவன் லிண்டானி, உம்லாசி.
ஆற்றுக்கு அக்கரை. கராஜ் கூரையில் ஏறினால்
அவன் ஊர்த் தெருவிளக்குகள் தெரியும்.
நேரில் பார்த்ததில்லை.
இரண்டு ஊருக்கும் நடுவே
ஆற்றைவிட அகலமாக எதையோ
அளந்து வைத்துவிட்டுப் போனார்கள்
முன்பு இந்த நாட்டை வைத்திருந்தவர்கள்.
பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன்.
'காத்திருங்கள்' என்றான்.
வாடகையிலும் அப்படித்தான்.

ஐந்தாம் தேதி அவனுக்கு எழுதினேன்:
"சும்மா ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்,
எனக்கும் மேலே கட்டவேண்டியிருக்கிறது."
அனுப்பிய பிறகே கவனித்தேன்,
படையாச்சியின் வாக்கியம் அது.
காற்புள்ளி உட்பட.

வியாழன், நாலாம் கட்ட மின்வெட்டு.
எட்டுக்கு எங்கள் பக்கம் போனது.
திரையில் கடைசியாகக் கண்டது
நிலைய வாசலில் வந்து குவிந்த
முப்பது சிவப்புப் புள்ளிகள்.
பிறகு கண்ணாடியில் என் முகம், அதுவும் சரியாக இல்லை.
படையாச்சியின் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.
கூரையில் ஏறி உட்கார்ந்தேன்.
அக்கரை எரிந்துகொண்டிருந்தது, மஞ்சளாக, நிதானமாக.
உம்லாசி வேறு பட்டியல்;
அவர்களுக்குப் பத்து மணிக்கு.

பத்து அடித்து மூன்றாம் நிமிடம் உள்ளே போனேன்.
நிலையம் நின்றது, பாதி கருகி.
லிண்டானி தன் ஒரே கப்பலை,
சுடத் தெரியாத அந்தக் கல்வண்டியை,
வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறான்.
ஏழு நிமிடம் தாங்கியதாம்.
பிறகு அவர்களுக்கு அலுத்துவிட்டது.
9:58க்கு அவன் விட்டுப்போன வரி:
"இங்கே இப்போ போயிடும். வாடகை நாளைக்கு."

சனிக்கிழமை சாம்பல் மகுடம் விழுந்தது.
எந்தப் போரிலும் இல்லை.
கணக்கப்பிள்ளை கஜானாவோடு கூட்டணி மாறிவிட்டான்.
ஞாயிறு காலை புதிய ஒப்பந்தம், வேறு முத்திரை,
அதே பதினொரு வரி.
'தவணை'யில் இருந்த எழுத்துப்பிழையும்
பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

லிண்டானிக்கு எழுதினேன்: இந்த மாதம் வேண்டாம்.
அழித்தேன்.
நானூறு கோடியைப் பதினான்கால் வகுத்துப் பார்த்தேன்.
மறுபடி எழுதினேன். அனுப்பினேன்.

கராஜ் பக்கம் செருப்புச் சத்தம்.
தேதி ஒன்பது.
"லோஷினி? உள்ளேதானே இருக்கிறே?"
விளக்கை அணைத்துவிட்டு
மின்வெட்டுப் போல உட்கார்ந்திருந்தேன்,
பட்டியல் அவருக்கு மனப்பாடம் என்று தெரிந்தே.