இருபத்தொன்பது

ஐந்தைந்தாகக் கட்டி வரும் வெள்ளைத் துணி.
கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாய்ப் பிரித்து,
வாய்விட்டு எண்ண வேண்டும், இருவர் கேட்க.
ஆங்கிலத்தில்தான் எண்ணுவேன்.
ஏழுக்குப் பிறகு உள்ளே தமிழ் ஓடும்,
எட்டு, ஒன்பது என்று
ஒரு படி முந்தி.

துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து வந்தான் மொஃபிசுல்.
இரும்புத் தகடு சரிந்து, இடது முழங்காலுக்குக் கீழே.
தொடையில் ஒரு பெல்ட்.
பெல்ட்டுக்குள் நுழைத்து முறுக்கிய ஸ்பேனர்.
ஸ்பேனர் திரும்பிவிடாமல் சேர்த்துக் கட்டிய கையுறை.
நெற்றியில் மஞ்சள் எழுத்து: 2.10
தகட்டில் வெட்டுக்கோடு போடுகிற பெயின்ட் பேனா,
ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை.
இருக்கட்டும் என்றார் டாக்டர் இயோ,
இத்தனை தெளிவான கேஸ் ஷீட் நான் பார்த்ததே இல்லை.

காற்றுப் பட்டையை மேலே ஏற்றிவிட்டு
பெல்ட்டை அவிழ்த்தோம். குழாயை ஒட்டுப் போட்டபின்
காற்றையும் இறக்கினோம், கொஞ்சம் கொஞ்சமாய்.

ரத்தம் ஒரே மாதிரி வருவதில்லை.
பீய்ச்சுகிறதற்கு நூல், அல்லது கிளிப்.
ஊறுகிறதற்குக் கை, வெறும் கை,
ஐந்து நிமிடம் அழுத்திக்கொண்டு
குக்கர் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவள் போல
எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.
எலும்பின் துளைகளுக்குத் தேன்மெழுகு,
விரல் சூட்டில் உருட்டி அப்புவது.
சின்னஞ்சிறு வாய்களுக்கு மின்சூடு.
சுர்ரென்று ஒரு சத்தம்.
அந்த வாசனையை எதோடும் ஒப்பிடமாட்டேன்,
வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும்.

எதற்கும் அடங்காத ஓரிடம், தசையின் பின்புறம்.
நுரைப்பஞ்சு கொடு என்றார்.
டப்பாவைப் பிரிக்கப் போனேன். ஓரத்தில் பொடி எழுத்து: பன்றி.
மயக்க மருந்துப் பக்கமிருந்து நூருல்ஹுதா
என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
உயிர் என்று வந்தால் தடையில்லை,
அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.
ஆனாலும் அலமாரியில், இரண்டாம் தட்டில்,
செடி நாரில் செய்த வலை இருந்தது.
நான்கு எட்டு.
எடுத்தேன். வைத்தார்.
கருத்தது, பிசினானது, நின்றது.
தூங்குகிறவனிடம் கேட்டிருக்க முடியாது.

மூடுவதற்கு முன் கணக்கு.
பலகையில் முப்பது.
கீழே ஷீட்டில் அடுக்கினால் இருபத்தொன்பது.
மறுபடி.
இருபத்தொன்பது.
ஊசி பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது.
நின்றுபோன ரத்தத்துக்காக யாரும் சந்தோஷப்படவில்லை.
ஒரு சாண் துணி ஓர் ஆளுக்குள்
சத்தமில்லாமல் குடியிருந்துவிடும்.
வாளியைக் கவிழ்த்தேன். விளக்கின் அடி, குப்பைப் பை,
என் சட்டைப் பையில்கூடப் பார்த்தேன்.
டாக்டர் இயோ ஒரு காலைத் தூக்கினார், கொக்கு மாதிரி.
ரப்பர் செருப்பின் அடியில்
சிவந்து, மடங்கி, ஒட்டிக்கொண்டு

முப்பது.
தமிழில் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
எல்லோருக்கும் புரிந்தது.

வெளியே, நாற்காலி காலியாக இருக்க, நின்றுகொண்டு ஒருவன்.
வைரக்கண்ணு, அறந்தாங்கிப் பக்கம்.
கம்பெனி முதலுதவி வகுப்பு, ஒரு சனிக்கிழமை,
பாதி தூங்கிவிட்டேன் என்றான்.
மறு பாதியில் பெல்ட் வந்ததாம்.
கால் இருக்கா?
இருக்கு. நாளைக்குத்தான் உறுதியாச் சொல்வாங்க.
தலையாட்டினான். அப்போதுதான் கவனித்தேன்,
கால்சட்டையின் இடுப்பைச் சுருட்டி
இடது கைக்குள் பிடித்திருக்கிறான்,
நாலு மணி நேரமாக.

பெல்ட்டைப் பையில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டியாயிற்று.
கம்பெனி கேட்கும், அமைச்சு கேட்கும்.
திருப்பித் தர எனக்கு அதிகாரமில்லை.

உள்ளே போய்க் கட்டுத்துணிச் சுருள் ஒன்று எடுத்து வந்தேன்,
நான்கு விரல் அகலம்.
இடுப்பைச் சுற்றிக் கொடுத்தேன், முடிச்சை அவன் போட்டான்.
ரொம்ப இறுக்கினா மணி எழுதணும் சிஸ்டர்
என்றான், சிரிக்காமல்.

6.20