பத்துச் செங்கல்

இரண்டாம் கடற்கரைச் சாலைக்குப் பின்சந்து.
இடித்த கிடங்கின்மேல் கார் நிறுத்தம் எழுமுன்
எங்களுக்குக் கிடைத்தது
பதினெட்டு நாள், ஒரு தார்ப்பாய்,
ஐந்துக்கு ஐந்து மீட்டரில் ஒரு குழி.

ஒன்றரை மீட்டரில் பீங்கான் சில்லு, சோழி,
உடைந்த புகைக்குழல்.
அதற்கும் கீழே ஒரு சுவரின் அடி,
துருவேறிய இரும்பு வளையம்,
சுவரில் துளை.

எலிவளை என்று எழுதப் போனேன்.
"எலி செங்கல்ல எண்ணி எடுக்காது சார்"
என்றாள் காசியம்மாள், கரண்டியைக் கீழே வைக்காமல்.

தரையை நறுக்கிப் பார்த்தோம்.
காரைத்தூளும் உமியும் மாறி மாறி
நூலிழை நூலிழையாக
முப்பத்தொரு அடுக்கு.
சுரண்டியது ஓர் இரவு, மிதித்து மறைத்தது ஒரு பகல்.
மூலையில் பானை விளிம்பு ஒன்று,
ஒரு பக்கம் மட்டும் நகம்போல் தேய்ந்து.

பஞ்சத்தில் ஒரு மரக்கால் நெல்லுக்கு வந்தவர்களோ,
பாதையில் பிடிபட்டவர்களோ.
கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

காசியம்மாள் தோளைச் சாய்த்து
துளைக்கு நேரே நின்று பார்த்தாள்.
"ஏழு கல்லு போதும், ஆளு போயிடலாம்.
புள்ளத்தாச்சி போக முடியாது."
பிறகுதான் கண்ணில் பட்டது:
ஏழு, நோகாமல் உருவியவை.
கீழ்வரிசையில் மூன்று
அடித்து நொறுக்கியவை.
சத்தம் கேட்கும் என்று தெரிந்தே.

செங்குன்றம் அரிசி ஆலையில்
அப்பா வாங்கிய ஐயாயிரத்துக்குப்
பதினோரு வருஷம் நெல் அவித்தவள் அவள்.
விடுதலைச் சான்றை மடித்து
ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறாள்.
அதிகாரிகள் வருமுன் ஒருமுறை ஓடியிருக்கிறாள்.
"மூணு மணிக்கு. பாய்லர் ஓடுறப்ப
நாய் கொலைக்கிறது கேக்காது."
அந்த முறை பிடித்துவிட்டார்கள்.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.

எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்றேன்.
தெற்கே கோட்டை. கிழக்கே கடல்.
வடக்கைக் காட்டினாள், ராயபுரம் பக்கம்.
"அல தொடுற எடத்துலயே நடக்கணும்.
தடத்த அதுவே எடுத்துக்கும்."

பதிவேட்டில் எழுதினேன்:
பொருள் - துளை.
எண்ணிக்கை - ஒன்று.
எடை என்ற கட்டத்தில் பேனா
கொஞ்ச நேரம் நின்றது.

மாலையில் கட்டுமானப் பொறியாளர் எட்டிப் பார்த்தார்.
எலும்பு கிலும்பு கிடைத்தால்
வேலை நின்றுவிடுமே என்ற கவலை அவருக்கு.
"ஏதாச்சும் இருக்கா சார்?"

"இல்லை. ஒண்ணுகூட இல்லை" என்றேன்.
காசியம்மாள் சல்லடையை
இன்னொரு முறை தட்டிக் காட்டினாள்.