காலாண்டுக் கணக்கு, குலசேகரம்

மூன்று மாதத்தில் பாட்டு
பதினோராயிரத்துச் சொச்சம் தடவை ஓடியிருக்கிறது.
தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய்.
ஐம்பது டாலர் சேராமல் கைக்கு வராது.

"ஒரு தடவைக்கு எட்டுப் பைசா" என்றேன்.
ஒட்டுப்பால் சாக்கைத் தராசில் ஏற்றிக்கொண்டே
ரெஜின்தாஸ் கேட்டான்:
"கிலோவுக்காடே?"

தாளம் அவன்தான்.
இரண்டாம் சரணத்தில் மழை என்று நினைப்பீர்கள்,
அது அவன் சிரட்டைக்குள்
ரப்பர் கொட்டைகளை உருட்டியது.

ஆஸ்லோவில் ஒரே ஒரு ஆள்
நாற்பத்திரண்டு முறை கேட்டிருக்கிறார்.
யாரோ, எந்தக் குளிரிலோ.
மூன்று ரூபாய் முப்பத்தாறு பைசா.

சந்தை முக்கில் இரண்டு டீ, இரண்டு பழம்பொரி.
இதற்கு ஆஸ்லோவில்
பதினைந்து பேராவது வேண்டும்.

காசு அவன் கொடுத்தான்.
மீதி வந்த நோட்டிலும்
ஒட்டுப்பால் நாற்றம்.