டோர் லாக்

பழைய மீட்டரைக் கழற்றியபோது
உள்ளேயிருந்து ஒரு பல்லி குதித்து
ஃபியூஸ் கட்டைக்குப் பின்னால் ஓடியது.
கன்னியப்பன் கடைசி எண்ணை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
சித்திரை வேர்வையில் அது கரைவதை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நானாகப் போய் எழுதிக் கொடுத்ததுதான்.
தோட்டப்பாளையத்து வீட்டில் மூன்று அறை தடுத்து
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு விடுகிறேன்,
வீட்டுக் கணக்கிலிருந்து கடைக் கணக்குக்கு மாற்றுங்கள்,
கூட ஆனாலும் கட்டுகிறேன்,
திருட்டுக் கரண்ட் என்ற பேச்சு மட்டும் வேண்டாம் என்று.

புது மீட்டர் சோப்பு டப்பா போல வெள்ளையாக இருந்தது.
"இனிமே ஆள் வரமாட்டாங்கம்மா, இதுவே பேசும்."
"யாரோட?"
"மெயின் ஆபீஸோட."
அது பேசவில்லை.
ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்
பல்வலிக்காரனின் கன்னம் போல
விட்டு விட்டுத் துடித்தது.

ஆறுண்டு நீரில்லை, மலையுண்டு மரமில்லை,
கோட்டையுண்டு ராஜா இல்லை என்பார்கள் எங்கள் ஊரை.
மீட்டருண்டு கணக்கில்லை
என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

முதல் பில்லில் டோர் லாக் என்று வந்தது.
கதவு பூட்டியிருந்ததாம்.
எந்தக் கதவு?
காட்பாடியில் ராத்திரி இரண்டு மணி ரயிலில் இறங்கி
பெட்டி படுக்கையோடு ஜனங்கள் வந்து தட்டுகிற கதவா?
விடிகாலை ஐந்துக்கு டோக்கன் வாங்க ஓடுகிறவர்கள்
சாத்தாமல் விட்டுப்போகிற கதவா?
தாழ்ப்பாள் துருப்பிடித்து நாலு வருஷம் ஆகிறது.

ஆபீசில் சொன்னார்கள்:
பழைய கனெக்‌ஷன் இன்னும் மூடலை, புதுசு இன்னும் திறக்கலை,
நீங்க ரெண்டுக்கும் நடுவுல இருக்கீங்க.
நடுவில்
ஆறு ஃபேன், ஒரு மோட்டார்,
கடுகெண்ணெய் வாசத்தில் மூன்று இண்டக்‌ஷன் அடுப்பு,
இரண்டாம் நம்பர் அறையில் தபன் மண்டல்.

வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷின்
ராத்திரியெல்லாம் இரையும், நடுநடுவே புஸ்ஸென்று விடும்.
சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து
முதல் வாரம் அதைத் திட்டினேன்.
பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது என்றானது.
கரண்ட் போனால் என் கால் தானாகத் தரையைத் தேடும்,
சிலிண்டர் மாட்டினார்களா என்று.

இருபத்து மூன்றாம் நாள் காலை
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

மிநோதி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டு
வாடகையை எண்ணி வைத்தாள்.
"கரென்ட் கொத்தோ, தீதி?"
எவ்வளவு என்று கேட்கிறாள். அவ்வளவு வங்காளம் எனக்கு வரும்.
எண் என்னிடம் இல்லை.
மீட்டரைக் காட்டினேன், கையை விரித்தேன்.
பில் வந்தால் போன் பண்ணச் சொல்லி
தன் நம்பரை அவளே என் போனில் அழுத்திக் கொடுத்தாள்.
கடன் வைத்துவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மழை விட்டதும்
புள்ளி பச்சையானது.
ஆறு மாதத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டது:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு யூனிட்.
எந்த ராத்திரி யாருடையது என்று
அதற்குச் சொல்லத் தெரியவில்லை.
கன்னியப்பனைக் கேட்டேன்.
அந்த மாதிரி மெஷின் ராத்திரிக்கு
மூணரை இழுக்கும்மா என்றார், எதற்கு என்று கேட்கவில்லை.
மூன்றரை, இருபத்திரண்டு.
எழுபத்தேழு.
கணக்கு வந்துவிட்டது.
போனில் 'மண்டல் ரூம் 2' வரை விரலால் தள்ளிப் போனேன்.
கடைசிச் சீட்டில் இருந்த வளையலை எடுத்துக்கொண்டு
அடகுக் கடைக்குப் போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் பில்லைத் திருப்பிப் பார்த்தாள்.
"மூணு தடவை டோர் லாக்னு இருக்கே,
வீட்ல யாரும் இல்லையா அப்ப?"

நோட்டுகளைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.
சரியாக இருக்கிறதா எண்ணிப் பாரும்மா என்றேன்.