எடுப்பு

பத்து பி-யில் முப்பத்தொரு பிள்ளைகள்.
மிருதங்கம் ஒன்று, அதுவும் வலந்தலை கிழிந்தது.
ஆகவே வாங்கு, மேசை, தண்ணீர்ப் போத்தல்,
கிருசாந்தனின் கொப்பி மட்டை,
நிருஜனின் கன்னம்.
ஊதிவிட்டு அடிப்பான்,
தொம் என்று கேட்கும்.

பல்கேரியாவில் கல்யாண வீட்டில்
ஏழுக்கு ஆடுவார்கள் என்றேன்.
தக தக தகிட
தக தக தகிட
ஆறு வரைக்கும் எல்லாரும் வந்தார்கள்.
ஏழில் பாதி வகுப்பு கிணற்றுக்குள் விழுந்தது.
அந்த நேரம் பார்த்து சூன்பான் ஆட்டோ
பற்றரி இறங்கின சுருதியில்
தன் ஒரே பாட்டோடு றோட்டால் போக,
ஏழு எட்டானது,
எட்டு பணிஸ் வாசமானது,
மணியும் அடித்துவிட்டது.

கானாவின் மணிக்குப் பன்னிரண்டு.
லாண்ட்மாஸ்டருக்கு மேல வைச்சா
பொருந்தும் டீச்சர் என்றான் பிருந்தன்.
மைதானத்துக்கு அங்கால் வயலில்
ஒன்று இரைந்துகொண்டுதான் நின்றது.
வைத்துப் பார்த்தோம்.
பொருந்தியது.

கண்டி மேளத்துக்கு
தத் ஜித் தொங் நங் என்று பலகையில் எழுதினேன்.
ஒரு வாயும் திறக்கவில்லை.
யதுர்சிகா ஜன்னலைப் பார்த்தாள்.
சோதினைக்கு வருமா டீச்சர்?
வராது என்றேன்.
பிறகும் எழுதிக்கொண்டார்கள், குனிந்தபடி.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை கியூபா.
கப்பலில் கட்டிக் கொண்டுபோய்க்
கரும்பு வெட்டவிட்ட சனத்தின் கணக்கு இது,
இரண்டு தடி போதும் என்று
இரண்டு அடிமட்டத்தை எடுத்தேன்.
தகிட தகிட தகதிமி தக தகதிமி
தலையெழுத்தில் மட்டும் தட்டுங்கோ,
மிச்சத்தை மனசுக்குள்ள வைச்சிருங்கோ.

கடைசி வாங்கிலிருந்து டர்சிகா.
மலையாளபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள்.
இடாப்புக்கு மட்டும் வாய் திறக்கிறவள்.
முன்பாதி எங்க சித்தப்பா தப்புல அடிக்கிறது டீச்சர்,
சாவு வீட்டுக்கு, என்றாள்.

யாரோ ஒரு சொல்லை எறிந்தான்.
இங்கே எல்லாருக்கும் தெரிந்த சொல்.
நான் அதை எழுத மாட்டேன்.
சிரிப்பு, முன்வாங்கு வரைக்கும் வந்து நின்றது.

நான் என்ன செய்தேன்?
சரி, அடுத்தது பிறேசில், என்றேன்.

கடலுக்கு அங்கால் கிடந்த கரும்புத் தோட்டத்தை
மேசையில் கொண்டுவந்து வைத்த வாய்
தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி ஓடிவிட்டது.

பின்னேர பஸ்ஸில், ஆனையிறவு உப்புக்காற்றில்
கம்பியைப் பிடித்தபடி யோசித்தேன்.
எங்கள் ஒழுங்கையால் பறை வந்தால்
அம்மா படலையைச் சாத்துவா.
சாத்திய படலைக்குள் இருந்து
என் கால்விரல் அதற்குத் தாளம் போடும்,
செருப்புக்குள், ஒருவருக்கும் தெரியாமல்.
மிருதங்கத்துத் தோலும் மற்றத் தோலும்
ஒரே பட்டியில் மேய்ந்தவை என்று
கம்பஸ் சோதினையில் ஒன்றரைப் பக்கம் எழுதி
நல்ல புள்ளியும் வாங்கியவள் நான்.

அடுத்த புதன் கேட்டேன்.
டர்சிகா, அதை ஒருக்கா அடிச்சுக் காட்டுறீங்களா?
மறந்துபோச்சு டீச்சர்.
முகத்தில் ஒன்றுமில்லை.
கோபம்கூட இல்லை.

கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன்.
மழை வரப் பார்த்து வராமல் நின்ற வெளிச்சம்.
பின்னாலிருந்து ஒரு விரல்,
வாங்கின் அடிப்பலகையில்.
தகிட தகிட தக
என்றுதான் முதலில் நினைத்தேன்.
பிறகு ஒன்றைக் காணவில்லை.
பிறகு இல்லாத இடத்தில் இரண்டு வந்தது.
தொடையில் எண்ணினேன், விரலை மடித்து எண்ணினேன்,
அஞ்சு ஜாதியும் படித்த கை
சமம் எங்கே என்று தடவுகிறது.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
நிருஜன் கன்னத்தை ஊதி வைத்தபடி
அடிக்காமல் இருக்கிறான்.
சொல்லை எறிந்தவனின் குதிக்கால்
அவனுக்குத் தெரியாமலே ஆடுகிறது.

எந்த இடத்தில் எடுக்கிறது என்று தெரியாமல்
வெண்கட்டியோடு நிற்கிறேன்.
இந்தச் சுற்றுப் போகட்டும்.
அடுத்ததும் போகட்டும்.